அருமை சாரின் பீரியட்

அந்தக் கோட்டு அவருடையது இல்லை. மேடையில் வந்து உட்கார்ந்ததிலிருந்து என் கண் அதன்மேலேயே போய் விழுகிறது. எதிரே பள்ளிக்கூட பஸ் ஷெட்டின் தகரத்தில் கட்டியிருக்கும் பிளக்ஸில் எங்கள் பி.டி. வாத்தியார் அருமை சார் கருநீலக் கோட்டும் சிவப்பு டையுமாக, ஏதோ கூட்டுறவு வங்கி இயக்குநரைப்போலச் சிரிக்கிறார். முதுகுக்குப் பின்னால் அருவி கொட்டுகிறது. குற்றாலம்கூட இல்லை, வெளிநாட்டு அருவி, கரையில் பனி கிடக்கிறது. எங்கள் ஊர் ஸ்டுடியோவில் செத்துப்போன ஆண்களுக்கென்று கம்ப்யூட்டரில் ஒரு கோட்டு வைத்திருக்கிறார்கள். தபால்காரர் போனாலும் அதே கோட்டு, ரைஸ்மில் முதலாளி போனாலும் அதே கோட்டு, தலை மட்டும் மாறும். மரணம் எல்லாரையும் சமமாக்கும் என்று படித்திருக்கிறேன். ஒரே அளவுக் கோட்டில் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எஸ்தர் அக்கா கொடுத்த போட்டோவில் சார் காலர் பனியனோடு நின்றார், கழுத்தில் விசில் தொங்கியது. அது எங்கே என்று விழா ஏற்பாடு செய்கிற இளம் ஆசிரியரிடம் கேட்டேன். "அந்தக் கயிறு டையோட இடிச்சுது மேடம், அதான் அழிச்சிட்டாங்க" என்றார், நல்ல காரியம் செய்தவர் முகத்தோடு. நடுகல் செதுக்கியவனுக்கு எழுத்து தெரியுமோ தெரியாதோ, செத்தவன் கையில் எது இருந்ததோ அதைச் செதுக்கினான், வில்லென்றால் வில், வாளென்றால் வாள். மாடு மீட்கப் போய் விழுந்தவனுக்கு எவனும் டை கட்டிவிடவில்லை. நாற்பது வருடமாக இந்த ஊரில் ஓடிய பிள்ளைகள் எல்லாரும் அந்த விசிலுக்குத்தான் ஓடினார்கள், அதை ஒரு பொடியன் சுட்டியைத் தட்டி அழித்துவிட்டான். எனக்கு எரிகிறது. காலை வெயில் இன்னும் ஏறவில்லை, ஷாமியானா நிழல் இருக்கிறது, மின்விசிறி என் பக்கம்தான் திரும்பியிருக்கிறது, ஆனாலும் காது மடல்வரை எரிகிறது. இது விசிலுக்கான கோபம் மட்டும் இல்லை என்று எனக்கே தெரிகிறது. விசிலில் தொடங்கினால் வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

எஸ்தர் அக்கா, சாரின் மனைவி, நேற்று போனில் ஒன்றே ஒன்று கேட்டார்கள். கீழே முன்வரிசையில் முதல் நாற்காலியில் இதோ உட்கார்ந்திருக்கிறார்கள், மடியில் கைக்குட்டை, அதை மடிக்கவும் விரிக்கவுமாக இருக்கிறார்கள். "வடிவு, நீ மேடையிலதான இருப்ப? எனக்கு மாலையும் வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம்மா. ஒரு நிமிஷ அஞ்சலின்னு போட்டிருக்காவள்லா, அது ஒரு நிமிஷமா இருக்கணும். போன வாரம் ஓய்வூதியர் சங்கத்துல கூட்டம் போட்டாவ. நான் எந்திரிச்சி நின்னு முந்தானைய சரிபண்ணுததுக்குள்ள நன்றின்னுட்டாவ. சாருக்கு அது பிடிக்காதும்மா." பிடிக்காதாம். இறந்தகாலம் இன்னும் அவர்கள் வாயில் ஏறவில்லை. நான் சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று உறைத்தது. பேராசிரியர் என்ற பேரில் நான் ஏறாத மேடை இல்லை, நிற்காத அஞ்சலி இல்லை. நம் கூட்டங்களில் ஒரு நிமிட மௌனம் என்பது அந்தக் கூட்டத்தில் யாருக்கு முழங்கால் வலி அதிகமோ அவரால் அளக்கப்படுவது. தலையைக் குனிகிறோம், கட்டைவிரலைப் பார்க்கிறோம், பக்கத்துக்காரரின் செருப்பைப் பார்க்கிறோம், மைக்காரர் தொண்டையைச் செருமுகிறார், முடிந்தது, அமரலாம். இருந்தவரைக்கும் அவரை நிற்கவைத்தார்கள், செத்த பிறகு அவருக்காக ஒரு நிமிடம் நிற்க இவர்களுக்குக் கால் வலிக்கிறது. அந்த இளம் ஆசிரியரிடம் போய், "தம்பி, மௌன அஞ்சலி முழு ஒரு நிமிடம் இருக்கணும்" என்றேன். "கண்டிப்பா மேடம், நிகழ்ச்சி நிரல்லயே ஒரு நிமிடம்னுதான் போட்டிருக்கோம்" என்றார். நிரலில் போட்டிருக்கிறது. சரிதான், பி.டி. பீரியடும்தான் டைம்டேபிளில் போட்டிருந்தது.

பக்கத்து நாற்காலியில் கோமதி டீச்சர். கணக்கு டீச்சர், பிறகு தலைமை ஆசிரியை, இப்போது ஓய்வு. எண்பதை நெருங்குகிற உடம்பு, ஆனால் கொண்டையில் ஒரு முடி பிசகவில்லை. "தாளாளர் இன்னும் வரல பாத்தியா" என்கிறார்கள் என் காதில். "வருவார் டீச்சர்." "அவங்கப்பா இருந்த காலத்துல இப்படியா? மணியடிச்சா வந்திருவாவ." "ஆமா டீச்சர்." "நீ எதுல மேல படிச்ச, இங்கிலீஷா?" "தமிழ் டீச்சர்." "அப்படியா, கணக்குல நல்லா வந்தியே, என்னத்துக்குத் தமிழுக்குப் போன?" என்ற அந்தக் குரலில் நிஜமான வருத்தம். கணக்கில் நான் எப்படி வந்தேன் தெரியுமா டீச்சர், சாரின் பீரியடில் வந்தேன். வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட். மணி அடித்ததும் நாங்கள் ஜாமெட்ரி பாக்ஸைத் தூக்கி எறிந்துவிட்டு மைதானத்துக்குக் கிளம்பும்போது, வாசலில் நீங்கள் நிற்பீர்கள், இடுப்பில் புத்தகம், விரலில் சாக்பீஸ் தூசி. உங்களுக்குப் பின்னால் அருமை சார் நிற்பார், விசிலும் தொப்பியுமாக. நீங்கள் அவர் பக்கம் முழுசாகத் திரும்பக்கூட மாட்டீர்கள். "சார், இன்னைக்கு ஒரு பீரியட் தாங்க, போர்ஷன் நிக்குது." அவர் சிரிப்பார். "எடுத்துக்கோங்க டீச்சர்." நாங்கள் ஊவென்று கத்துவோம். "கத்தாத! கழுதைகளா, ஓடுனா மார்க் வருமா?" என்பீர்கள். தமிழ்நாட்டில் எந்தப் பள்ளிக்கூடத்திலும் நடந்ததுதான், நடப்பதுதான். கணக்கு பீரியடை பி.டி. சார் கடன் கேட்டதாக வரலாறு உண்டா? தேடிப் பார்த்திருக்கிறேன், இல்லை. கடன் என்பது திருப்பித் தருவது. இதற்கு வேறு பெயர் இருக்கிறது, மேடையில் சொன்னால் மரியாதையாக இருக்காது. திருப்பித் தராததை மறுநாள் விடிவதற்கு முன்னால் தன் சொந்தத் தூக்கத்திலிருந்து எடுத்துத் தந்தார் அவர். இருட்டில் எங்கள் தெருமுனையில் விசில் கேட்கும், அப்பா எழுந்து திட்டுவார், நான் பாவாடையைச் சுருக்கிச் செருகிக்கொண்டு ஓடுவேன்.

எனக்கு உங்கள்மேல்தான் கோபம் சார். டீச்சர்மேல் இல்லை, டீச்சர் தன் போர்ஷனை முடித்தார்கள். அந்தச் சிரிப்பு எதற்கு? ஒருமுறை, ஒரே ஒருமுறை, தரமாட்டேன் என்று சொல்லியிருந்தால் என்ன? வாயில் விசில் இருந்ததே, ஊதியிருந்தால் என்ன? எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்க. அதைக் கேட்டுப் பழகிய பள்ளிக்கூடம் பீரியடோடு நிற்குமா? நான் எட்டாவது படிக்கும்போது மைதானத்தின் மேற்கு வளைவில் இந்த பஸ் ஷெட் வந்தது. அன்றைய தாளாளர், இப்போதைய தாளாளரின் அப்பா, காரை விட்டு இறங்காமலே கண்ணாடியை இறக்கிக் கையைக் காட்டினார், இங்கேயிருந்து அங்கே வரைக்கும் என்று. அருமை சார் சுண்ணாம்பு வாளியோடு நின்றுகொண்டிருந்தார். மறுநாள் ஓடுபாதையைப் புதிதாகப் போட்டார், நீள்வட்டத்தைச் சுருக்கி, ஷெட்டுக்கு முன்னாலேயே வளைத்து. கயிறு, முளைக்குச்சி, வாளி, கைநிறையச் சுண்ணாம்பு. குனிந்தபடி பின்னாலேயே நடந்து அவர் கோடு போடுவதைப் பார்த்தால் மார்கழியில் வாசலில் கோலம் போடுகிறவர்களுக்கு வெட்கம் வரும். "என்ன சார், கிரவுண்டு சின்னதாயிட்டே?" என்று கேட்டாள் ஆவுடைத்தங்கம். எங்கள் பள்ளியின் அதிவேகம் அவள், வாயும் அதற்கேற்ற வேகம். "வட்டம்தான் பிள்ள சின்னது. ஒரு சுத்துக் கூட ஓடுனா தூரம் அதேதான்." பிறகு கிழக்கே கம்ப்யூட்டர் லேப் வந்தது, வட்டம் இன்னும் சுருங்கியது, இன்னும் ஒரு சுற்றுக் கூடியது. தூரம் அதேதான். நான் கல்லூரிக்குப் போன பிறகும் சுருங்கிக்கொண்டே இருந்ததாம். கடைசிக் காலத்தில் பிள்ளைகள் செக்குமாடு மாதிரி சுற்றினார்கள் என்று தங்கம் சொன்னாள், தலைசுற்றல்தான் வரும், ஓட்டம் வராது. ஆனாலும் மாவட்டப் போட்டியில் ஜெயித்துவிட்டு வந்தார்கள், ஏனென்றால் அத்தனை வளைவுகளில் ஓடிப் பழகியவர்களுக்கு அகலமான மைதானம் விடுமுறை மாதிரி. பார்த்தீர்களா, இதைத்தான் இன்றைக்கு ஒவ்வொருத்தராக மைக்கில் சொல்லப்போகிறார்கள், குறைந்த வசதியில் நிறைந்த சாதனை என்று. வசதியைக் குறைத்தது யார் என்று ஒருத்தரும் சொல்லமாட்டார்கள். சிரித்துக்கொண்டே கொடுப்பவர்கள் செத்துப்போனதும் எடுத்தவர்கள் வந்து மாலை போடுகிறார்கள், எடுத்த இடத்திலேயே ஷாமியானா கட்டி.

தங்கம் அதோ, கடைசி வரிசைக்குப் பின்னால் கம்பத்தில் சாய்ந்து நிற்கிறாள். காக்கிச் சட்டை, இடுப்பில் வாக்கிடாக்கி. ஓடி ஓடிக் காவல் துறைக்குப் போனவள், இப்போது எஸ்.ஐ. காலையில் வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி புரபசரு, மேடையில ஏத்திட்டாவளோ? என்னைய ஏத்தல பாரு. பந்தோபஸ்துக்கு வந்தேன்னு நெனச்சிட்டாரு அந்த வாத்தியாரு, கார் எங்க நிறுத்தணும்னு என்கிட்ட கேக்காரு." "நீ என்ன சொன்ன?" "வேப்பமரம் இருந்த எடத்துல நிறுத்துங்கன்னேன். நம்ம கிரவுண்டுல இப்ப அது ஒண்ணுதான் காலியா கெடக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தாள், பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. வேப்பமரம் ஓட்டம் முடிகிற கோட்டுக்கு அப்பால் இருந்தது. கோட்டத்துப் போட்டியின் இறுதி ஓட்டத்தில் தங்கம் எல்லாருக்கும் முன்னால் வந்து, கூட்டம் கத்தியதும் ஜெயித்துவிட்டோம் என்று கோட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே காலைத் தளர்த்த, பாளையங்கோட்டைப் பிள்ளை ஒருத்தி நெஞ்சால் முந்திவிட்டாள். அன்றைக்கு அருமை சார் அவளை ஒரு சொல் சொல்லவில்லை, பஸ்ஸில் கடலை வாங்கிக்கொடுத்தார். மறுநாள் விடியலில் எங்கள் எல்லாரையும் கோட்டில் நிறுத்தினார். "இது என்னது?" "கோடு சார்." "இது சுண்ணாம்பு. மழை பெய்தா போயிரும். நீங்க ஓட வேண்டியது அந்த மரத்துக்கு." அன்றிலிருந்து எல்லா ஓட்டமும் மரத்தைத் தொட்டுத்தான் முடிந்தது. பட்டையில் எங்கள் உள்ளங்கை பட்டுப் பட்டு ஓரிடம் வழவழவென்று ஆகிவிட்டது. அந்த மரத்தை, அவர் ஓய்வு பெறுவதற்கு முந்தின கோடையில், பஸ் திரும்ப இடம் வேண்டும் என்று வெட்டினார்கள். தங்கம் அன்றைக்கு அந்தப் பக்கம் ரோந்து போனவள் பார்த்திருக்கிறாள். மரம் விழுந்த பிறகு சார் பிள்ளைகளைக் கோட்டில் நிறுத்தி, "ஓடுங்க" என்றாராம். ஒரு பொடிசு, "எங்க சார், மரம் இல்லையே" என்றதாம். "மரம் இல்லன்னா என்ன, இடம் இருக்குல்லா?" சிரித்தாரா என்று தங்கத்திடம் கேட்டேன். "சிரிக்கலடி. விசிலக் கடிச்சிக்கிட்டு நின்னாவ." அதைக் கேட்டபோது எனக்கு வந்த நிம்மதியை வெளியே சொல்ல முடியாது. ஒரு மனிதர் வேதனைப்பட்டதைக் கேட்டு நிம்மதி. ஆனால் எவ்வளவு காலமாகத் தனியாகக் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் செய்வார். இந்த ஒரு நிமிடம் என்ற சொல் காதில் விழும்போதெல்லாம் அதுதான் நினைவுக்கு வருகிறது, எஸ்தர் அக்காவும் அதை நினைத்துத்தான் கேட்டிருப்பார்கள். பயிற்சி முடிந்து வியர்வை காயும் நேரத்தில் எங்களை வட்டமாக நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொல்வார். ஸ்டாப் வாட்ச் அவர் கையில். "ஒரு நிமிஷம் ஆச்சுன்னு உங்களுக்குத் தோணும்போது கையைத் தூக்குங்க. எண்ணக் கூடாது. எண்ணுனா வாய்தான் ஓடும். உள்ள ஓடணும்." முதல் நாள் எல்லாரும் அவசரப்பட்டுத் தூக்கிவிட்டோம். கண்ணைத் திறந்து பார்த்தால் அவர் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், இன்னும் நிற்கிறார், இன்னும் நிற்கிறார், எங்களுக்குக் கை வலிக்கிறது. பிறகு விசில். "பாத்தீங்களா? நீங்க நெனக்கறதவிட அது நீளம்." பழந்தமிழன் காலத்தைக் கண் இமைப்பால் அளந்தான், விரல் நொடிப்பால் அளந்தான், உடம்புக்கு வெளியே கடிகாரம் தேவைப்படவில்லை என்று வகுப்பில் பிற்பாடு நான் பாடம் நடத்தியிருக்கிறேன், மாணவர்கள் கொட்டாவி விட்டார்கள், நான் அதைப் படித்தது நூலில் இல்லை, இந்த மைதானத்தில். ஒவ்வொருத்திக்கும் ஒரு வழி கிடைத்தது. தங்கம் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். ஒருத்தி மனசுக்குள் மாவு ஆட்டுவாள். நான் ஓடுவேன், கண்ணை மூடிக்கொண்டு, பழைய பெரிய வட்டத்தில், ஷெட் வருவதற்கு முந்திய வட்டத்தில், கோட்டில் தொடங்கி, வளைவு, பின்பக்க நேர்ப்பாதை, வளைவு, கோடு, மரம். என் வேகத்துக்கு மரத்தைத் தொடும்போது விசில் கேட்கும். தப்பியதே இல்லை. ஆஸ்பத்திரியில் பேச்சு போன பிறகு சார் கண்ணை மூடிக்கொண்டு கிடந்து, கிடந்து, திடீரென்று ஒரு விரலைத் தூக்குவாராம். நர்ஸ் பெண் ஓடிவந்து தண்ணீர் கொடுக்கப் பார்த்திருக்கிறாள். எஸ்தர் அக்காதான், "தண்ணி கேக்கல தாயி, நிமிஷம் ஆயிட்டுன்னு சொல்லுதாவ" என்றார்களாம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்களாம், சரியாகத்தான் இருந்ததாம். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள், இதை மட்டும் எவனாலும் எடுக்க முடியவில்லை.

தாளாளர் வந்துவிட்டார். வெள்ளைக் கார் நேராக வேப்பமரம் இருந்த இடத்தில் போய் நிற்கிறது, தங்கத்தின் முகத்தைப் பார்க்கிறேன், சல்யூட் அடிப்பதுபோலக் கையைத் தூக்கித் தலையைச் சொறிந்துகொள்கிறாள். இளம் ஆசிரியர் மைக்கைத் தட்டுகிறார், "அன்னாருக்கு" என்கிறார், "கண்ணீர் மல்க" என்கிறார், எல்லாரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தும்படி பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறார். நாற்காலிகள் இரைகின்றன. எஸ்தர் அக்கா முந்தானையைச் சரிசெய்வதற்கு முன்னாலேயே எழுந்துவிட்டார்கள், இந்தத் தடவை ஏமாறுவதாக இல்லை. கண்ணை மூடுகிறேன். கோட்டில் நிற்கிறேன். சுண்ணாம்பு நெடி. வெறுங்காலில் குறுமணல். விசில். தோளைத் தளர்த்து, தோளைத் தளர்த்து, ஆரம்பத்திலேயே எல்லாவற்றையும் கொடுத்துவிடாதே, இது தங்கத்துக்குச் சொன்னது, எனக்குச் சொன்னது வேறு, நீ யோசிச்சிக்கிட்டே ஓடுத பிள்ள, யோசனை கனம், எறக்கி வை. எறக்கி வைக்கிறேன் சார். கோட்டை இறக்கி வைக்கிறேன், டையை இறக்கி வைக்கிறேன், பனிபடர்ந்த அருவியை இறக்கி வைக்கிறேன். கோபத்தை மட்டும் கொஞ்சம் வைத்துக்கொள்கிறேன், கனமாக இல்லை, முதுகில் காற்று தள்ளுகிற மாதிரி இருக்கிறது. முதல் வளைவு வருகிறது, உள்பக்கம் சாய்கிறேன், வளைவின் நடுவில்கூட இல்லை, "நன்றி, அனைவரும் அமரலாம்."

நாற்காலிகள் மறுபடி இரைகின்றன. இவ்வளவுதானா? என் கால் பூமியில் படவே இல்லையே இன்னும். இவ்வளவுதான் கொடுப்பீர்களா அவருக்கு, முதல் வளைவுகூட இல்லையா, நிரலில் போட்டிருந்ததே. நான் உட்காரவில்லை. கண்ணைத் திறக்கவில்லை. வளைவின் நடுவுக்கு வருகிறேன், எதிரே பஸ் ஷெட், தகரம், பிளக்ஸ், கோட்டுப் போட்ட சார். நிற்காதே. உள்ளே நுழைகிறேன், ஆயில் நாற்றம், மஞ்சள் பஸ்களின் வயிற்றுக்குள் புகுந்து மறுபக்கம் பின்பக்க நேர்ப்பாதைக்கு வருகிறேன், ஒரு கீறல் இல்லை. முந்தானையை யாரோ இழுக்கிறார்கள். கோமதி டீச்சர். "ஏம்மா, உட்காரு. நேரமாகுது, தாளாளர் பேசணும்." சாக்பீஸ் தூசியின் அதே குரல். முப்பது வருடமாக வாசலில் நின்று கேட்ட குரல். சார் என் பின்னால் நின்று சிரிக்கிறார், வாயைத் திறக்கப் போகிறார், எடுத்துக்கோங்க என்று சொல்லப் போகிறார், அவர் சொல்வதற்குள் நான் சொல்லிவிடுகிறேன், சத்தமாக இல்லை, ஆனால் மைக் பக்கத்தில்தான் இருந்திருக்கிறது: "இது பி.டி. பீரியட், டீச்சர். தர முடியாது." ஷாமியானா முழுக்க என் குரல் போய் இடித்துத் திரும்புகிறது. முந்தானையை இழுத்த கை நின்றது, ஆனால் விடவில்லை. "மேடம் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டிருக்காங்க" என்று தாளாளரின் குரல் மைக்கில் குழைகிறது, "இயல்புதான், இயல்புதான்." உணர்ச்சியா? ஓடிக்கொண்டிருக்கிறேன் ஐயா, வழியை விடும். இரண்டாவது வளைவு, கம்ப்யூட்டர் லேப், சுவருக்குள் நுழைந்தால் குளிர், வரிசையாகத் திரைகள், ஒரு பெண்பிள்ளை தலையைத் தூக்கி என்னைப் பார்க்கிறாள், அவளுக்கு இன்றைக்கு எந்தப் பீரியட் போயிற்றோ. வெளியே வருகிறேன். நேர்ப்பாதை. மூச்சு முட்டுகிறது, இந்த வயதில் நின்றுகொண்டே ஓடினாலும் முட்டுகிறது. எங்கோ ஒரு நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம், உட்காருகிற சத்தம் இல்லை அது, எழுகிற சத்தம் வேறு. இன்னொன்று. கோடு தெரிகிறது. கூட்டம் கத்துகிறது. தங்கம் காலைத் தளர்த்திய இடம் இதுதான். தளர்த்தாதே. கோடு காலடியில் போகிறது, சுண்ணாம்புதான், மழை பெய்தால் போய்விடும். கார் நிற்கிறது. காருக்குள் புகுந்து, தாளாளரின் சீட்டுக்கும் டிரைவரின் சீட்டுக்கும் நடுவே, இடம் இருக்கிறது, இடம் இருக்கத்தான் செய்கிறது சார், கையை நீட்டுகிறேன், உள்ளங்கையில் வழவழவென்று பட்டை.

கையைத் தூக்கினேன். கண்ணைத் திறந்தேன். கடைசி வரிசைக்குப் பின்னால் தங்கத்தின் கை காக்கிச் சட்டையோடு உயர்ந்திருந்தது, கண் இன்னும் மூடியபடி, பிடித்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டாள். நடுவில் ஒரு கை, வளையல்கள் முழங்கைக்குச் சரிந்து இறங்கின, யாரென்று முகம் தெரியவில்லை, மாவு ஆட்டுகிறவளாக இருக்க வேண்டும். எனக்குத் தெரியாத இளம் பிள்ளைகள் இரண்டு பேர், சின்ன வட்டத்தில் சுற்றியவர்களாக இருக்கும், அவர்கள் கையும் மேலே. எல்லாம் ஒரே நொடியில் இல்லை, ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று இமைப்பு முன்பின், சார் ஒத்துக்கொள்கிற அளவு. முன்வரிசையில் எஸ்தர் அக்கா கையைத் தூக்கவில்லை. கைக்குட்டை மடியிலிருந்து கீழே விழுந்து கிடக்க, ஒரு விரலை மட்டும் தூக்கியிருந்தார்கள். இளம் ஆசிரியர் கூட்டத்தைப் பார்த்தார், தாளாளரைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார். "கேள்விகள் இருந்தால்" என்று தடுமாறினார், "கேள்விகளை நிகழ்ச்சியின் இறுதியில்..." கோமதி டீச்சர் இன்னும் என் முந்தானையைப் பிடித்தபடிதான் இருந்தார்கள். நான் உட்காராததால் அவர்களும் உட்கார முடியாமல், பாதி எழுந்து பாதி குனிந்து, அத்தனை நேரமும் நின்றிருக்கிறார்கள். கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள், வகுப்பில் பார்ப்பதுபோல, கண்ணைச் சுருக்கி.

"என்னத்துக்கு இவளுக கைய தூக்குதாளுக? என்ன வேணுமாம்?"

"ஒண்ணும் வேண்டாம் டீச்சர்" என்றேன். "பீரியட் முடிஞ்சிட்டு."